குளச்சலில் வென்றது யார்?

"நம்மள வெள்ளக்காரன் ஆண்டதே கெடையாது மக்கா." சென்னையிலோ பெங்களூரிலோ கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மீன்குழம்பைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். ஆதாரமும் கூடவே வரும்: குளச்சல், 1741. மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. தளபதி டிலனாய் பிடிபட்டார். பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. இதெல்லாம் சரித்திரம், இதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

என் சண்டை இந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுக்கும் முடிவோடு. படை தோற்றது, ஆகவே காலனியம் தோற்றது, ஆகவே நாம் காலனியாக இருந்ததே இல்லை என்று மூன்று படி ஏறிவிடுகிறோம். இரண்டாவது படியே உளுத்தது. டச்சுக்காரன் குளச்சலுக்கு வந்தது மண்ணைப் பிடிக்க மட்டுமல்ல, மிளகுக்காக. போரில் ஜெயித்தது யார் என்று கேட்பவர்கள், அந்த மிளகு அப்புறம் எங்கே போனது என்று கேட்பதில்லை. கேட்டால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

*

போர் முடிந்து இரண்டு வருடத்துக்குள், 1743-இல், மிளகு அரசின் ஏகபோகம் ஆனது. எங்கள் ஊரில் நல்லமிளகு என்று சொல்வோம். அந்த நல்லமிளகைப் பயிரிட்டவன் அரசின் பண்டகசாலையில்தான் கொடுக்க வேண்டும். அரசு வைத்ததே விலை. அதுவரை இங்கே மிளகு வாங்கிக்கொண்டிருந்த வியாபாரிகள் பலர். டச்சுக்காரன், அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த ஆங்கிலேயன், உள்ளூர்ச் சிற்றரசர்கள், தரகர்கள் என்று ஆளுக்கொரு விலை சொன்னார்கள். இனி ஒரே ஆள், ஒரே விலை.

அரசு அந்த மிளகை யாருக்கு விற்றது? 1753-இல் மாவேலிக்கரையில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஒரு பக்கம் மார்த்தாண்ட வர்மா. மறுபக்கம், குளச்சலில் தோற்ற அதே டச்சுக் கம்பெனி. திருவிதாங்கூரின் விவகாரங்களில் இனித் தலையிடமாட்டோம் என்றார்கள் டச்சுக்காரர்கள். ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களை அடக்க விலைக்குத் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குத் திருவிதாங்கூர் அவர்களுக்கு நிர்ணயித்த விலையில் மிளகு தர வேண்டும். போர் முடிந்து பன்னிரண்டே வருடம். கொடியிலிருந்து மிளகைப் பறித்தவனுக்கு இதில் என்ன மாறியது? வாங்குபவன் மாறவில்லை. நடுவில் ஒரு ராஜா வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

மார்த்தாண்ட வர்மா திறமைசாலி. இந்த ஏகபோகக் காசில்தான் நிலையான படை வந்தது, கோட்டைகள் வந்தன, சிதறிக் கிடந்த நாடு ஒரே அரசானது. 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு 'பத்மநாபதாசன்' ஆனார். அதற்குப் பிறகு வரி கொடுக்க மறுப்பவன் ராஜத் துரோகி மட்டுமல்ல, தெய்வக் குற்றவாளியும்கூட. ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பாதுகாப்பான பிராண்ட் கிடைக்குமா?

அப்புறம் உண்மையான கம்பெனியே வந்தது. 1795-இலும் 1805-இலும் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கைகளின்படி திருவிதாங்கூர் தன் 'பாதுகாப்புக்கு'ப் பணம் கட்ட வேண்டும். 1805 உடன்படிக்கையில் தொகை வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய். அதில் கையெழுத்திட்ட திவான் தலக்குளத்து வேலுத்தம்பி. நாலு வருடத்தில் அந்த நெருக்கடி தாங்காமல் அவரே குண்டறையில் நின்று கிளர்ச்சிக்கு அழைத்தார், அதில் உயிரையும் விட்டார். கிளர்ச்சியை அடக்கிய பின் ரெசிடென்டாக வந்தவர் கர்னல் ஜான் மன்றோ. 1811 முதல் 1814 வரை அவரே திவானும்கூட. கம்பெனியின் ஏஜென்ட் நாற்காலியிலும் நாட்டின் பிரதம மந்திரி நாற்காலியிலும் ஒரே வெள்ளைக்காரர். "நம்மள வெள்ளக்காரன் ஆண்டதே கெடையாது" என்பவர்களிடம் இந்த மூன்று வருடங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது வேற விஷயமாக்கும்" என்பார்கள்.

8 லட்சம் எங்கிருந்து வரும்? நிலவரி, மிளகு ஏகபோகம், புகையிலை ஏகபோகம், உப்பு ஏகபோகம். திருவிதாங்கூர்க்காரன் மென்ற புகையிலையில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியாக வந்தது. உப்பு தாமரைக்குளம், புத்தளம் உப்பளங்களிலிருந்து வந்தது. ஆக, அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் ஒரு பனையேறி கஞ்சியில் உப்புப் போட்டால் அதில் ஒரு பங்கு, வெற்றிலையோடு புகையிலை போட்டால் அதில் ஒரு பங்கு, சுற்றி வளைத்து கம்பெனியின் கஜானாவுக்குப் போனது. அவன் வாழ்நாளில் ஒரு வெள்ளைக்காரனைக்கூடப் பார்த்திருக்க வேண்டாம்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வர வேண்டும். காரணம் இருக்கிறது. நம் அடுக்களையே பாதி அமெரிக்காதான். மரச்சீனிக் கிழங்கு, வத்தல், கொல்லாமரத்து அண்டி, மலையில் நிற்கும் ரப்பர், வாயில் மெல்லும் புகையிலை எல்லாமே அந்தக் கண்டத்துச் செடிகள். செடிகளைக் கொண்டுவந்து சேர்த்த உலக வணிகம் வேறொன்றையும் பரப்பியது: நிலத்தையும் உழைப்பையும் ஏற்றுமதிப் பயிருக்காகக் கட்டிப்போடும் முறை.

1970-இல் எவ்ஸி டோமர் என்ற பொருளியலாளர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அடிமை முறை ஏன் சில இடங்களில் வருகிறது, சில இடங்களில் வருவதில்லை என்பதே அவருடைய கேள்வி. பதில் எளிமையானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலம், சுதந்திரமான உழைப்பாளி, தான் உழைக்காமல் சாப்பிடும் நிலவுடைமையாளர் என்ற மூன்றில் ஏதாவது இரண்டு சேர்ந்திருக்கலாம், மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்திருக்க முடியாது. எங்கள் சாஃப்ட்வேர் துறையில் சிஏபி தேற்றம் என்று ஒன்று உண்டு, அதுவும் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்கிற கதை. டோமரை முதலில் படித்தபோது அதனாலேயே சட்டென்று பிடிபட்டது.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிய நிலம் ஏராளம். பயிர் புகையிலை. கப்பல் கட்டணத்துக்குக் கடன்பட்டு இங்கிலாந்திலிருந்து வந்த ஏழைகள் சில வருட ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவனுக்கும் நிலத்தாசை வரும், தானே பயிர் வைக்கப் போய்விடுவான். அப்புறம் பண்ணையாருக்கு யார் உழுவது? ஒப்பந்தமே முடியாத ஆள் வேண்டும். 1619-இல் முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் கரையிறக்கப்பட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பண்ணைகள் ஒப்பந்த வேலையாட்களை விட்டுவிட்டு ஆப்பிரிக்க அடிமைகள் பக்கம் சாய்ந்தன. 1705-இல் அடிமைச் சட்டங்கள் ஒரே தொகுப்பாக வந்துவிட்டன. வடக்கே நியூ இங்கிலாந்தில் புகையிலையும் இல்லை, பெரும் பண்ணையும் இல்லை. குடும்பமே உழுதது. நிலமும் உழைப்பும் சுதந்திரமாக இருந்தன, நடுவில் பண்ணையார்தான் இல்லை.

இதை நாஞ்சில் நாட்டில் பொருத்திப் பாருங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம். பழையாற்றுப் பாசனம், குளங்கள், இரண்டு பூ விளையும் வயல். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்றே பெயர். இந்த வயல்களிலிருந்து பார்த்தால் மலை தெரியும். காலையில் நடந்தால் மதியத்துக்குள் காட்டுக்குள் போய்விடலாம். வயலில் சேறு மிதித்த பறையரோ பள்ளரோ புலையரோ ஒருநாள், "போங்கய்யா, நான் மலையடிவாரத்தில் ஒரு துண்டு வெட்டித் திருத்தி மரச்சீனி நட்டுப் பிழைச்சுக்கிடுதேன்" என்று கிளம்பியிருந்தால்? டோமர் சொல்வது நடந்திருக்கும். நாட்டார் வீட்டு நெல் வயலிலேயே அழுகியிருக்கும்.

அது நடக்கவில்லை. வர்ஜீனியாக்காரனுக்கு ஒரு பெருங்கடலும் ஒரு தோல் நிறமும் தேவைப்பட்டன. இங்கே சாதி போதும். வேலை செய்பவன் நிலம் வைத்திருக்கக் கூடாது, பொது வழியில் நடக்கக் கூடாது, எஜமானனை விட்டுப் போகக் கூடாது. ஆப்பிரிக்காவரை கப்பல் அனுப்பும் செலவும் மிச்சம்.

மலபாரிலும் திருவிதாங்கூரிலும் அடிமைகளைக் கைமாற்றிய முறைகளின் பெயர்களைக் கேட்டால் உறைக்கும்: ஜன்மம், காணம், பாட்டம். நிலத்தை விற்பதற்கும் ஒற்றி வைப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் இருந்த அதே மூன்று சொற்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் தொகுத்தார். வரி ஓலை, நிலம் விற்ற ஓலை, பஞ்சாயத்து ஓலை. அந்த வரிசையிலேயே ஆளை விற்ற ஓலையும் இருக்கிறது.

எண்ணிக்கையில் சொல்வதானால், 1836-இல் எடுத்த கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 12,80,000. அதில் அடிமைகள் 1,64,000-க்கு மேல். எட்டில் ஒருவர். அமெரிக்காவின் முதல் கணக்கெடுப்பு, 1790-இல், சுமார் 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் அடிமைகளைக் காட்டுகிறது. ஆறில் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம். அமெரிக்க அடிமை முறையைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் பார்த்துக் கண் கலங்குகிறோம். எட்டில் ஒன்று நம் ஊரிலேயே இருந்தது என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் அடிமை இல்ல, அது குடும்பத்துல ஒருத்தன் மாதிரி" என்கிறோம். வர்ஜீனியாப் பண்ணையாரும் அதையேதான் சொன்னார்.

அடிமைகளுக்கு மேலே ஒரு படி இருந்தவர்களுக்கு ஊழியம். நாடார்களும் ஈழவர்களும் அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். சுமை தூக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் வர வேண்டும். அதோடு தலைவரி. பனையேறுகிறவனின் உழைப்பை நாலு பக்கமும் கறந்தபிறகுதான் 'தர்ம ராஜ்யம்' நடந்தது.

*

இனி முக்கியமான பத்து வருடங்களுக்கு வருகிறேன்.

1855 ஜூன் 24. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் செய்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-லேயே சட்டம் வந்தாயிற்று. மிஷனரிகள் மனு மேல் மனு போட்டார்கள், சென்னை அரசு நெருக்கியது, பன்னிரண்டு வருடம் கழித்து இங்கேயும் வந்தது. விடுதலையானவர்களுக்கு நிலம்? ஒரு சென்ட்கூட இல்லை. 1833-இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. அதே உலக வழக்கம்தான்.

1858-59. தெற்குத் திருவிதாங்கூர் சந்தைகளில் கலவரம். நாடார் பெண்களின் தோள்சீலையைக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26 பிரகடனம் மேலே துணி போட அனுமதித்தது, மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் போடக் கூடாதாம். தோள்சீலைக் கலகத்தை எப்போதும் மானத்தின் கதையாகச் சொல்கிறோம். மானத்தின் கதைதான். ஆனால் தேதியைப் பாருங்கள். அடிமை ஒழிப்புக்கும் இந்தக் கலவரத்துக்கும் நடுவே மூன்றே வருடம். ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தவர்களை மறுபடி கட்டிப்போட சட்டம் இல்லை. உடம்பின் மேல் இருந்த அடையாளமாவது மிஞ்ச வேண்டாமா? துணியைக் கிழித்தவர்களின் பயம் துணியைப் பற்றியது மட்டுமல்ல, நாளைக்கு வயலுக்கு யார் வருவார்கள் என்பதைப் பற்றியதும்தான்.

1860-களின் தொடக்கத்தில், மாதவ ராவ் திவானாக இருந்தபோது, மிளகு ஏகபோகமும் புகையிலை ஏகபோகமும் போயின. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு வணிக உடன்படிக்கை. அதே 1865-இல் பண்டாரப் பாட்டப் பிரகடனம்: அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்கள் இனி அதன் உடைமையாளர்கள், விற்கலாம், வாங்கலாம். இதைக் குடியானவர்களின் 'மாக்னா கார்ட்டா' என்று புத்தகங்கள் புகழ்கின்றன. பாட்டம் வைத்திருந்தவனுக்கு மாக்னா கார்ட்டாதான். அந்த நிலத்தில் மூன்று தலைமுறை இறங்கி வேலை செய்தவனின் பெயர் எந்தப் பாட்டச் சீட்டிலும் இல்லையே?

அதே காலத்தில்தான் மலை திறந்தது. அசம்பு மலையில் தரிசு என்று பெயரிட்ட காட்டு நிலம் ஐரோப்பியத் துரைமாருக்குப் போனது. காப்பித் தோட்டங்கள் முளைத்தன. விடுதலையானவனுக்கு எட்டாத அந்த மலை, கடைசியில் அவனுக்குக் கூலியாக மட்டும் திறந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடினால் தண்டிக்க 1859-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டம் வந்திருந்தது. திருவிதாங்கூரிலும் அதே வழியில் சட்டம் வந்தது. மலைக்குப் போகாதவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், கப்பலேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள்.

டோமரின் மூன்றையும் இப்போது சரிபாருங்கள். உழைப்பாளியை 1855-இல் அவிழ்த்தார்கள். நிலத்தையும் அவிழ்க்க வேண்டி வந்தபோது, அது அவன் கைக்குப் போகாதபடி முன்கூட்டியே வேறு கைகளில் கொடுத்தார்கள். கீழே பாட்டக்காரனுக்கு, மேலே துரைக்கு. இதைச் செய்தது காலனிய அரசா, சுதேச அரசா என்று பட்டிமன்றம் வைக்கலாம். நிலமில்லாதவனுக்கு அந்தப் பட்டிமன்றத்தில் ஒரு காசு பிரயோஜனம் இல்லை.

*

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கோபம் வரும்.

ராஜபக்திக்காரர்கள் சொல்வார்கள்: பேச்சிப்பாறை அணை யார் கட்டியது? சாலை யார் போட்டது? சரிதான். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை இல்லையென்றால் இந்த மாவட்டத்தின் பாதி வயல் இல்லை. எஞ்சினியர் மின்சினுக்கு அங்கே கல்லறை எழுப்பி மரியாதை செய்ததும் நியாயம். அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது என்று கேட்பது அணையைப் பழிப்பது ஆகாது.

மிஷன் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள்: மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்திராவிட்டால் உனக்குப் பள்ளிக்கூடம் ஏது? இதுவும் சரிதான். நாகர்கோவிலில் 1820-களில் திருமதி மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் பல பெண்களுக்கு முதல் கூலி கொடுத்தது. அந்தக் காசைச் சேர்த்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் பெருமையோடு சொல்கின்றன. எனக்கு அந்த வரியைப் படித்தால் பெருமை வருவதில்லை, வயிறு எரிகிறது. தன்னையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பெண்ணின் கதை அது. அவள் பின்னியது இங்கிலாந்துச் சீமாட்டிகளின் உடுப்பு ஓரத்துக்கு.

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே நின்று பேசிய ஒருவர் இதே மண்ணில் இருந்தார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர், 1809–1851. கூலியில்லா ஊழியத்தை எதிர்த்தார், வரிகளை எதிர்த்தார், ராஜா பிடித்துச் சிறையில் போட்டார். அகிலத்திரட்டு திருவிதாங்கூர் ராஜாவைக் கலிநீசன் என்கிறது, ஆங்கிலேயனை வெண்நீசன் என்கிறது. இரண்டு நீசன்! ஒருவனைக் காட்டி இன்னொருவனை மன்னிக்கும் வேலையே இல்லை. திருவிதாங்கூரின் பொருளாதாரத்தைப் பற்றி பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாராவது சரியாகச் சொன்னார்கள் என்றால், அது எந்த திவானின் அறிக்கையும் அல்ல, இந்த இரண்டு சொற்கள்தான். நாம் அய்யாவைக் கும்பிடுகிறோம். அவர் சொன்னதை மட்டும் வசதியாக விட்டுவிட்டோம்.

*

பழைய கதையை இப்போது எதற்குக் கிண்டுகிறாய் என்று கேட்கலாம். பழையதாக இருந்தால் கிண்டமாட்டேன்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நாளில் மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளும் ஆலை வந்தது. அதிலிருந்து எடுத்த தோரியம் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளை எரியவைத்தது. மணல் இங்கே, வெளிச்சம் அங்கே. இன்று அந்த ஆலை மத்திய அரசுடையது. கிள்ளியூர் தாலுகாவின் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வந்து, 2024-இல் மக்கள் எதிர்த்து நின்றார்கள். நிலம் யாருடையது, விலையை யார் வைப்பது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை? மிளகுக்கு 1743-இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், அச்சு மாறாமல்.

வளைகுடாவில் அரபு முதலாளிகளின் படகுகளில் மீன் பிடிக்கிற நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பாருங்கள். ஸ்பான்சர் கையெழுத்து இல்லாமல் வேலையை விட முடியாது, ஊருக்கு வர முடியாது. பாஸ்போர்ட் இன்னொருத்தன் பெட்டியில். முன்பணமும் தண்டனைச் சட்டமும் போய், 'கஃபாலா' என்று பெயர் மாறியிருக்கிறது.

அவர்கள் போன இடத்தை நிரப்ப நாகர்கோவிலின் கட்டட வேலைக்கும் ஓட்டலுக்கும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். "இந்திக்காரனுக்கு இது போதும்லே" என்கிறோம். அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரிகிறது. இலங்கைத் தோட்டத்துத் துரையின் தொனி அது. அதற்கும் முன்னால், நாட்டார் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்த தொனி.

பெருமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளச்சல் வெற்றியைக் கொண்டாடுங்கள். மணல்மேட்டில் நின்று சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத ஏழைகள், அவர்களுக்கு அந்த மரியாதை உரியது. ஆனால் ஒரு தேதியை வைத்துக்கொண்டு மிச்ச எல்லாத் தேதிகளையும் மூடாதீர்கள். குளச்சல் நாள் வந்தால் என் போன் நாலு நாள் அடங்காது. தூண் படம், பீரங்கிப் படம், பின்னணியில் செண்டை மேளம். ஜூன் 24-ம் வருடம் தவறாமல் வருகிறது. 1,64,000 பேருக்கு மேல் சட்டப்படி மனிதர்களான நாள். அதற்கு இதுவரை ஒரு ஸ்டேட்டஸ்கூட எனக்கு வந்ததில்லை.